இரண்டாம் தடவை போட்ட சாயம்

"கோபத்தைக் குறைக்கணுங்க மேடம். டாக்டர் பிரஷர் மாத்திரையைக் கூட்டிட்டார்."

திருப்பூர் சாயப்பட்டறை முதலாளி ஒருவர் முதல் நாள் என்னிடம் கேட்டது இவ்வளவுதான். நொய்யல் ஆற்றைப் பற்றியோ தண்ணீரைப் பற்றியோ ஒரு சொல் வரவில்லை. எனக்குத்தான் நாக்கு துறுதுறுத்தது. (அவர் அனுமதியோடு, அடையாளங்களை மாற்றி இதை எழுதுகிறேன்.)

நான் கோயம்புத்தூரில் தனிநபர் கோச்சாக இருக்கிறேன். கோச் என்றால் கிரிக்கெட்டா என்பார்கள், கவுன்சலிங்கா என்பார்கள். இரண்டும் இல்லை. எதிரில் இருப்பவர் தன் வாழ்க்கையில் எதையோ மாற்ற நினைக்கிறார். அவரே வழி காணும்வரை கேள்வி கேட்டபடி கூட உட்கார்ந்திருப்பது என் வேலை. அறிவுரை கிடையாது. ரயில் பெட்டியையும் கோச் என்கிறோமே, அதே சொல்தான். ஹங்கேரியில் கோச் என்ற ஊரில் செய்த குதிரை வண்டிக்கு ஊர்ப்பெயரே பெயராகிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள், பரீட்சையைத் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆசிரியரை விளையாட்டாக அந்த வண்டியின் பெயரால் அழைத்தார்கள். வண்டி, ஏறியவர் சொல்லும் ஊருக்குத்தான் போக வேண்டும். வண்டிக்காரி தனக்குப் பிடித்த ஊருக்குத் திருப்பக் கூடாது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஹோட்டல் நடத்தும் ஒருவர் வந்தார். பார்ட்னரோடு சண்டையில்லாமல் பேசுவது எப்படி என்பது அவர் கேள்வி. நானோ மூன்றாவது சந்திப்பில் பார்சல் பிளாஸ்டிக்கைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்துவிட்டேன். மரியாதையாகக் காபியைக் குடித்துவிட்டுப் போனார். அப்புறம் வரவில்லை. சண்டையும் தீரவில்லை, பிளாஸ்டிக்கும் குறையவில்லை.

அதனால் இந்தச் சாயப்பட்டறை முதலாளியிடம் வாயைக் கட்டிக்கொண்டேன். கார் பந்தய வீரராக இருந்த ஜான் விட்மோர் 1992-இல் எழுதிய புத்தகத்தால் பரவிய ஒரு முறை எங்கள் தொழிலில் உண்டு. எங்கே போக வேண்டும், இப்போது எங்கே நிற்கிறோம், என்னென்ன வழி இருக்கிறது, எதைச் செய்யப் போகிறோம் என்று நாலு படி. புதியவர்கள் கடைசிப் படிக்கு ஓடுவார்கள். சரக்கெல்லாம் இரண்டாவது படியில்தான் இருக்கிறது.

மூன்றாவது சந்திப்பில் கேட்டேன்: "கடைசியா எப்போ கத்துனீங்க?"

"நேத்துங்க."

நேவி ப்ளூ லாட் ஒன்று, 500 கிலோ பனியன் துணி. ஷேடு தப்பிவிட்டது. பையர் கொடுத்த சாம்பிளுக்குப் பக்கத்தில் வைத்தால் சிவப்படிக்கிறது. சாயத்தை உரித்து மறுபடி போட வேண்டியதாயிற்று. தராசில் சாயம் நிறுத்துக் கொடுக்கும் பையன் அளவைத் தவறவிட்டிருக்கிறான்.

"அது எப்போ தெரிஞ்சுது?"

"அவனுக்கு அப்பவே தெரிஞ்சிருக்குதுங்க. மிஷினுக்குப் போறதுக்கு முன்னாடியே."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா நான் சும்மா உட்டுருவனாங்க?"

சொல்லிவிட்டு நின்றுபோனார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. இந்தத் தொழிலில் ஆகக் கடினமான வேலை அந்த மாதிரி நேரத்தில் பேசாமல் இருப்பது. ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னால்கூட, அப்போதுதான் கண்ணில் பட்டதை அவர் விட்டுவிடுவார்.

பிறகு, "அந்த லாட்டுக்கு என்னென்ன செலவாச்சு?" என்று மட்டும் கேட்டேன். சட்டைப் பையிலிருந்த டெலிவரி சலானைத் திருப்பிப் போட்டு எழுதினார். கிலோவுக்கு 6 லிட்டர் வீதம் 3,000 லிட்டர் தண்ணீர். சாயம் பருத்தியில் ஏற லிட்டருக்கு 60 கிராம் உப்பு, மொத்தம் 180 கிலோ. அலசல் தண்ணீர் தனி. பாய்லர் விறகு தனி. சாயத்தை உரிக்கிற ஹைட்ரோஸ் ரசாயனம் தனி. "சாயம், தண்ணி, உப்பு, வெறகு எல்லாமே ரெண்டு தடவைங்க" என்று அடியில் கோடு போட்டார்.

அப்படிப்பட்ட உப்பு முன்பு போன வழி கொங்கு நாட்டில் எல்லோருக்கும் தெரியும். பாசனத்துக்கென்று நொய்யலின் குறுக்கே கட்டி 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாகிவிட்டது. அந்தத் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று கீழே இருந்த உழவர்களே கெஞ்சினார்கள். வழக்கு நடந்து, கழிவைத் துளியும் வெளியே விடாத ஏற்பாடு வரும்வரை எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. ஆயிரம் கோச்சுகள் சேர்ந்தாலும் அதைச் செய்திருக்க முடியாது.

ஆனாலும் கதை அங்கே முடிந்துவிடவில்லை. இன்று கழிவுநீரை ஆர்.ஓ.வில் வடிகட்டி, மிச்சத்தை எவாப்பரேட்டரில் காய்ச்சித் தண்ணீரையும் உப்பையும் மீட்கிறார்கள். காய்ச்ச நெருப்பும் கரண்டும் வேண்டும். பிரிக்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகத் தேங்குகிறது. இரண்டாம் தடவை சாயம் போட்ட லாட் ஒவ்வொன்றும் அந்த மூட்டைகளில் கொஞ்சம் சேர்க்கிறது. சட்டம் குழாயின் வாயை அடைத்தது. தராசுப் பக்கம் நிற்கிற பையனின் வாயைத் திறக்க அதனால் ஆகாது.

"என்ன செய்யப் போறீங்க?" என்றேன்.

"மிஷின்ல போடறதுக்கு முன்னாடி தப்பைச் சொல்றவனைத் திட்டறதில்லைங்க."

"நம்புவானா?"

"நம்ப மாட்டான்" என்று சிரித்துவிட்டார். யோசித்துவிட்டு, தானும் ஒரு காலத்தில் ஒரு டையிங் மாஸ்டருக்குக் கீழே நின்றபோது ஒரு லாட்டைக் கெடுத்து மறைத்ததைச் சொன்னார். அதை ஆட்களிடமே சொல்லிவிடுவது என்று அவரே முடிவு செய்தார். சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. இடையில் இரண்டு முறை பழையபடி கத்தினார், போய் மன்னிப்பும் கேட்டார். இரண்டாம் மாதம் ஒரு நாள் அந்தப் பையன் வந்து நின்றானாம்: "அண்ணா, நிறுத்தது தப்பாயிருச்சுங்க." இவருக்குக் கை முறுக்கேறியதாம். "செரி, மறுக்கா நிறு" என்றாராம்.

எனக்கும் உறுத்தல்கள் உண்டு. என் ஒரு மணி நேரக் கட்டணத்தைக் கொடுக்க அந்தப் பையனால் முடியாது. பயந்து வாயடைத்தவனுக்குக் கிடைக்காத கோச்சிங், பயமுறுத்தியவருக்குக் கிடைக்கிறது. பயம் விலகினால் லாபம் கூடும், சம்பளம் கூடுமா என்பதையும் நான் கேட்கவில்லை. அடுத்த முறை கேட்க வேண்டும்.

ஆறு மாதம் முடிந்து கடைசிச் சந்திப்பில் சொன்னார்: "மாத்திரை அப்படியேதாங்க இருக்குது. மறுசாயந்தான் கொறஞ்சிருக்குது." நொய்யலின் பெயரை அவர் கடைசிவரை எடுக்கவில்லை. வண்டிக்காரி நானும் எடுக்கவில்லை.