பேப்பூர்: மழுங்கிய உளிக்கும் ஒரு வேலை

கோழிக்கோட்டுக்குத் தெற்கே சுமார் 10 கி.மீ. தொலைவில், சாலியாறு அரபிக்கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது பேப்பூர். அராபிய வணிகர்களுக்காகத் தலைமுறை தலைமுறையாக 'உரு' என்னும் மரக்கப்பலைக் கட்டி வந்த ஊர். காகிதத்தில் வரைபடம் கிடையாது. கணக்கெல்லாம் மூத்த ஆசாரியின் மனதில்தான்.

இப்போது பட்டறைகளில் மின்சார ரம்பமும் துளைக்கருவியும் வந்துவிட்டன. பழைய கைக்கருவிகள் பல மூலைக்குப் போய்விட்டன. அடையாளம் தெரியாதவர் கண்ணுக்கு அவையெல்லாம் வெறும் துருப்பிடித்த இரும்பு.

ஆனால் ஒவ்வொன்றின் வேலையையும் அதன் வாயே சொல்லிவிடும். கோடரியின் வாய் கைப்பிடியின் போக்கிலேயே இருக்கும், மரத்தைப் பிளக்கும். வாய்ச்சிக்கு மண்வெட்டியைப் போல வாய் குறுக்கே இருக்கும். மரத்தைச் செதில் செதிலாகச் செதுக்கி வளைவு கொடுக்கும். துரப்பணத்தில் கயிறு சுற்றிய தண்டை வில் முன்னும் பின்னும் சுழற்றுவதால், அலகு இரு திசையிலும் வெட்டும்படி தீட்டப்பட்டிருக்கும். ஆணி பலகையைப் பிளந்துவிடாமல் இருக்க, ஆணியைவிடச் சற்றுச் சிறிய துளை போட்டுக்கொள்வார்கள்.

அளவுகோலும் ஏமாற்றும். கேரளத் தச்சரின் கோலில் 24 அங்குலம் இருக்கும். அதை இரண்டு அடி என்று நினைத்தால் கணக்கு தப்பிவிடும். இங்கே ஓர் அங்குலம் சுமார் 3 செ.மீ.; முழுக்கோல் 72 செ.மீ.

எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது கலப்பற்று உளி. மரம் செதுக்கும் உளிக்குப் பெரும்பாலும் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் சரிவு. இதற்கோ இரு பக்கமும் ஒன்றுபோலச் சரிந்து, விளிம்பு மழுங்கி முடியும். பலகைகளின் இடுக்கில் எண்ணெயில் ஊறிய பஞ்சுத் திரியை அடித்து இறுக்குவதுதான் அதன் வேலை. கப்பல் நீரில் இறங்கியதும் மரம் ஊறிப் பருத்து, திரியை இன்னும் இறுக்கிவிடும். தேய்ந்த உளி என்று நினைத்து யாராவது சாணை பிடித்துவிட்டால், கூர் வாய் திரியை அறுக்கும். கடலில் கப்பல் ஒழுகும்.

பழைய உளி வாங்குபவர்கள் அதைச் சாணைக்குக் கொடுக்கும் முன் ஒரு மூத்த ஆசாரியிடம் காட்டுவது நல்லது. பேப்பூரில் அப்படிக் காட்ட இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிறகு அந்த உளி எடைக்குத்தான் போகும்.