வாகை மரமும் காற்றுத் துப்பாக்கியும்

திண்டுக்கல் என்றதும் உங்களுக்குப் பூட்டுத்தான் ஞாபகம் வரும். இந்தத் தடவை பூட்டை விட்டுவிட்டு, எரியோடு வழியாகக் கரூர் போகும் பஸ்ஸில் ஏறிக் குஜிலியம்பாறையில் இறங்குங்கள். வானம் பார்த்த பூமி. சோளக்காடு, வேலியோரம் வேம்பு, வாகை.

அந்த வாகையைச் சற்று நின்று பாருங்கள். துப்பாக்கிக் கட்டைக்கு உலகமெங்கும் பேர்போனது வால்நட் மரம். அது காஷ்மீரத்துச் சரக்கு. வாகைக்கோ மர வியாபாரத்தில் 'கிழக்கிந்திய வால்நட்' என்றே ஒரு பெயர் உண்டு!

பம்ப் அடிக்கும் காற்றுத் துப்பாக்கிக்குக் கட்டை செதுக்கச் சொல்லப் போகிறீர்களா? பல துப்பாக்கிகளில் முன்கட்டையேதான் பம்பின் கைப்பிடி. ஒரு குண்டுக்குப் பல தடவை அடிக்க வேண்டும். ஆகவே மரம் நன்றாக உலர்ந்திருக்கட்டும். பின்கட்டையின் கழுத்தில் ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் அங்கேதான் முறியும். கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைத்தால் விரல் விசையை எட்ட வேண்டும். அப்பா அளவுக் கட்டையைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, குறி தவறியதென்று திட்டாதீர்கள்!

ஒரு சங்கடம். காட்டில் மயில் இறங்கினால் விவசாயிக்கு வயிறு எரியும். கை துப்பாக்கியைத் தேடும். வேண்டாம். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி, காற்றுத் துப்பாக்கியால் சுட்டாலும் குற்றம் குற்றமே. மயிலுக்குத் தகரம் தட்டுங்கள்; துப்பாக்கிக்குப் பத்து மீட்டரில் காகித அட்டை வையுங்கள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றது அந்தப் பத்து மீட்டரில்தான்.

வாகை சூட வேறு வழி எதற்கு?