அண்ணாமலையார் ஊரில் ஒரு கொல்லைத் தோட்டம்

திருவண்ணாமலைக்குப் போய் வந்தவர்கள் தீபத்தைப் பற்றிச் சொல்வார்கள், 14 கிலோமீட்டர் கிரிவலம் நடந்து கால் வீங்கிய கதையைச் சொல்வார்கள். நான் சொல்லப் போவது கிரிவலப் பாதைக்குச் சற்று உள்ளே, என் பெரியம்மா வீட்டுக் கொல்லையைப் பற்றி!

செம்மண்ணும் சரளைக் கல்லுமான இடம். சித்திரை, வைகாசியில் மலைப் பாறை வெயிலைக் கக்கும். கிணற்றுத் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விடும். போதாக்குறைக்குக் குரங்குப் பட்டாளம் வேறு.

"நீங்கள்ளாம் எது நல்லா காய்க்கும்னு கேட்டு விதை வாங்குவீங்க. நாங்க குரங்குக்கு எது பிடிக்காதுன்னு பாத்து வாங்கறோம்டி" என்றார் பெரியம்மா. தக்காளியும் கொய்யாவும் கைக்கு வருவதற்குள் காணாமல் போய்விடுமாம். பாகல், சுண்டை, மிளகாய், கறிவேப்பிலைப் பக்கம் அவை அதிகம் வருவதில்லை. முள் கத்திரிக்கும் அந்தப் பெருமை உண்டு. பக்கத்து வேலூர் மாவட்டத்து இலவம்பாடிச் சரக்கு அது. 2023ல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. பறிக்கும்போது கை பத்திரம்! ஆனால் எண்ணெய்க் கத்திரிக்காய்க்கு அதை மிஞ்ச வேறு காய் இல்லை என்பது என் கட்சி.

வெண்டையில்தான் பலர் ஏமாறுகிறோம். பெயரில்லாத பொட்டலத்தை வாங்கிப் போட்டால், பூக்கும் சமயத்தில் இலை நரம்பெல்லாம் மஞ்சளாகிச் செடி சோர்ந்துவிடும். வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய் இது. வந்த பிறகு மருந்தில்லை. அதைத் தாங்கும் ரகமாகப் பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் தந்ததுதான் 'அர்கா அனாமிகா'. ரகத்தின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். தாங்கும் சக்தி எல்லா இடத்திலும் ஒன்றுபோல இராது. மஞ்சள் கண்ட செடியை உடனே பிடுங்கி எறிந்துவிட வேண்டும்.

பந்தல் அவரையை ஆடியில் ஊன்றிவிட்டு, "கொடி மட்டும் ஓடுது, காயைக் காணோமே!" என்று அங்கலாய்ப்பவர்கள் உண்டு. பகல் குறுகும் பனிக்காலத்தில்தான் அது பூக்கும். அதுவரை பொறுக்க முடியாதவர்களுக்குக் கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் குத்து அவரை இருக்கிறது. பந்தல் வேண்டாம், பருவமும் பார்க்காது. முருங்கையிலும் இப்படித்தான். பெரியகுளத்தின் பி.கே.எம்.1 விதை போட்டு ஆறேழு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். யாழ்ப்பாண முருங்கையைப் போத்து நட்டு வைத்தால் வருஷக்கணக்கில் நிற்கும்.

இன்னொன்று. வீரிய ஒட்டு விதையில் காய்த்ததை முற்றவிட்டு அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைக்காதீர்கள். செடிக்குச் செடி காய் மாறிவிடும். பெரியம்மா நாட்டு விதைகளை மட்டும் நிழலில் உலர்த்தி, சாம்பலில் புரட்டிச் சேமிக்கிறார். "கடைக்குக் குடுக்கற காசுல குழந்தைக்குப் பால் வாங்கலாமே!"

பூவுக்கு வருவோம். கோயிலின் தல விருட்சம் மகிழம். உலர்ந்த பின்னும் மணக்கும் பூ. ஆனால் மரமாகிவிடும், சின்னக் கொல்லைக்கு ஆகாது. ஒரு குண்டுமல்லி போதும். கார்த்திகையில் கவாத்து செய்தால் பங்குனி, சித்திரையில் தினமும் தலைக்கு வைக்கப் பூ கிடைக்கும். கூடவே டெல்லி கனகாம்பரம் ஒன்று. அது விதை பிடிக்காது. யார் வீட்டில் பார்த்தாலும் கூச்சப்படாமல் நுனிக்கொம்பு ஒன்று கேட்டு வாங்கி, நிழலில் தொட்டியில் நட்டு, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.