கேட்காமல் வந்த மல்லர்கள்

தொழில்முறை மல்யுத்தம் என்று இன்று வழங்கப்படுவது, வெற்றி தோல்விகள் முன்னரே தீர்மானிக்கப்பட்டு, மல்லர்கள் வேடமும் பட்டப்பெயரும் தாங்கி, கயிறு கட்டிய சதுர மேடையில் நிகழ்த்தும் நாடகச் சண்டையாகும்; அதில் விழும் அடிகளின் வலி பெரும்பாலும் மெய்யானது, பகை மட்டுமே எழுதிவைத்தது. இக்கலையின் மிகப் பெரிய அமெரிக்க நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.இ., 1993 ஜனவரி 11 அன்று கேபிள் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘ரா’ என்னும் தன் வாராந்தர நிகழ்ச்சியை, 32 ஆண்டுகள் ஓட்டிய பிறகு, 2025 ஜனவரி 6 அன்று நெட்ஃபிளிக்ஸ் என்னும் இணையவழி ஒளிபரப்புத் தளத்துக்கு மாற்றியது. இந்தியாவில் சோனி விளையாட்டு அலைவரிசைகளிடம் இருந்த உரிமை அவ்வாண்டு மார்ச் இறுதியில் முடிவுற, ஏப்ரல் 1 முதல் டபிள்யூ.டபிள்யூ.இ. நிகழ்ச்சிகள் அனைத்தும் அதே தளத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பத்தாண்டுகளுக்கு 500 கோடி டாலருக்கு மேல் என்று பேசப்பட்ட இந்த ஒப்பந்தம் வணிகப் பக்கங்களில் பங்கு விலைச் செய்தியாகவே எழுதப்பட்டது. ஆயினும், திருவண்ணாமலை போன்ற ஒரு கோயில் நகரத்திலிருந்து நோக்கும்போது, இம்மாற்றம் முதன்மையாக யார் யார் அந்தச் சண்டையைக் காண நேர்ந்தது என்பதைப் பற்றியதாகிறது.

‘காண நேர்ந்தது’ என்னும் சொற்களை இங்கே கவனமாகவே பயன்படுத்த வேண்டியிருக்கிறது. 1990களில் மொட்டைமாடியில் பெரிய டிஷ் ஒன்றை நிறுத்தி, தெருவுக்குத் தெரு கம்பி இழுத்து, மாதக் கடைசியில் நோட்டுடன் வீடுவீடாக வசூலுக்கு வந்த கேபிள்காரர், தம் வாடிக்கையாளருக்கு எந்த அலைவரிசை வேண்டும் என்று கேட்டதில்லை. தமிழ்ப்படமும் இந்திப்பாட்டும் கிரிக்கெட்டும் எந்தக் கம்பியில் வந்தனவோ அதே கம்பியில், அதே ஒற்றைக் கட்டணத்தில், அமெரிக்க மல்லர்களும் வந்திறங்கினர். முதலில் ஸ்டார் குழுமத்தின் விளையாட்டு அலைவரிசையிலும், 2002 முதல் துபாயைத் தலைமையிடமாகக் கொண்ட டென் ஸ்போர்ட்ஸிலும் இந்நிகழ்ச்சிகள் வந்தன. உலக வனவிலங்கு நிதியத்துடன் நடந்த வழக்கின் விளைவாக நிறுவனம் அதே 2002இல் தன் பெயரை மாற்றிக்கொண்டது என்றாலும், தமிழ்நாட்டுத் தெருக்களில் அது இன்றளவும் ‘டபிள்யூ.டபிள்யூ.எஃப்.’ ஆகவே இருக்கிறது. அமெரிக்காவில் ‘ரெசில்மேனியா’ போன்ற பெருநிகழ்ச்சிகளை ஒவ்வொரு முறையும் பல பத்து டாலர் தனியே செலுத்தித்தான் பார்க்க முடிந்தது. ‘பே பெர் வியூ’ எனப்பட்ட அந்த முறை, அதாவது ஒவ்வொரு காட்சிக்கும் தனிக்கட்டணம் என்னும் முறை, இங்கே நுழையவே இல்லை. அந்நாட்டு உழைப்பாளி யோசித்து யோசித்து வாங்கிய காட்சி, திருவண்ணாமலை வட ஒத்தவாடைத் தெருவின் ஒரு வீட்டுக்கு மெகா தொடர்களின் உடன்பிறப்பாகத் தனிக்கட்டணமின்றி வந்து சேர்ந்தது என்பது, உலகத் தொலைக்காட்சி வரலாற்றின் சிறிய வேடிக்கைகளுள் ஒன்று.

இதற்கு முந்தைய தலைமுறைக்கும் இவ்வகைச் சண்டை புதிதன்று. அங்கேரியில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த கிங்காங், பஞ்சாபின் தாரா சிங் ஆகிய இருவரின் பெயர்களும் 1950களில் சிங்கப்பூர், மலாயாத் தமிழரிடையேயும் தாயகத் தமிழரிடையேயும் ஒருசேரப் பரவியிருந்தன. சிங்கப்பூரின் ‘கிரேட் வேர்ல்டு’ கேளிக்கைப் பூங்கா அவர்கள் காலத்து மல்யுத்தத்துக்குப் பேர்போன இடம். அவர்களை நேரில் கண்டவர்களைவிடக் காதால் கேட்டவர்களே மிகுதி; பருத்த உடல் கொண்ட எவரையும் ‘கிங்காங்’ என்று கேலி செய்யும் வழக்கில் அதே பெயர் கொண்ட ஹாலிவுட் படத்தின் குரங்குக்கு எவ்வளவு பங்கு, அந்த மல்லருக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

கேபிள் கொண்டுவந்த மல்லர்களைத் திருவண்ணாமலை வட்டாரம் எவ்வாறு ஏற்றுக்கொண்டது என்பதை விளங்கிக்கொள்ள, அவ்வட்டாரத்தின் தெருக்கூத்தை நோக்க வேண்டும். செய்யாறு, வந்தவாசி, போளூர் பகுதிகளில் திரௌபதியம்மன் கோயில்களை ஒட்டிப் பல நாள் நடைபெறும் பாரத விழாவில், பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நிகழ்கின்றன. கூத்தாடும் குழுவை மக்கள் ‘ஜமா’ என்கின்றனர். இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று, முகவீணையும் மிருதங்கமும் உச்சத்துக்கு ஏற, தன் வருகையைத் தானே பாடி, கிரீடமும் புஜகீர்த்தியும் மார்பதக்கமும் குலுங்கத் திரை விலக்கி வெளிப்படும் துரியோதனனை இரவிரவாகக் கண்டு பழகிய ஒருவருக்கு, விளக்குகள் அணைந்து மணியொலி கேட்க, கரிய நீள்அங்கியும் தொப்பியும் அணிந்து, மேடையை நோக்கி அடிமேல் அடிவைத்து வரும் அண்டர்டேக்கர் என்னும் மல்லரின் வருகையை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. யார் வருகிறார் என்பது இசையின் முதல் ஒலியிலேயே தெரிந்துவிடுவதும், வருவதற்கே சண்டையில் பாதியளவு நேரம் செலவாவதும், வந்தவர் உடனே சண்டையிடாமல் தன் பெருமையை நெடுநேரம் பேசுவதும், கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் குறுக்கே புகுந்து அரசனையே கிண்டல் செய்வதைப் போல வர்ணனையாளர் மல்லரைக் கிண்டல் செய்வதும் இரு கலைகளுக்கும் பொதுவானவை.

இவற்றைவிட நெருக்கமான ஒப்புமை படுகளத்தில் காணப்படுகிறது. பதினெட்டாம் போரின் இறுதியைக் காட்டும் அந்நிகழ்வுக்காக ஊர்ப் பொட்டலில் மல்லாந்து கிடக்கும் துரியோதனனின் உருவம் மண்ணால் பல அடி நீளத்துக்கு அமைக்கப்பட்டு வண்ணம் பூசப்படுகிறது. இரவெல்லாம் ஆடிய பீமன், துரியோதனன் வேடதாரிகள் அரிதாரம் கலையாமலே பகல் வெளிச்சத்தில் அதனைச் சுற்றித் துரத்திச் சண்டையிட, முடிவில் பீமன் அந்த மண்ணுருவத்தின் தொடையைப் பிளக்கிறான். அங்கே முன்னரே மறைத்து வைக்கப்பட்டிருக்கும் செந்நீர் பெருக, அதனைக்கொண்டு திரௌபதியின் கூந்தல் முடிக்கப்படுகிறது. அமெரிக்க மல்யுத்தத்தில் ‘பிளேடிங்’ என்றொரு பழைய உத்தி உண்டு; மணிக்கட்டுப் பட்டையில் ஒளித்து வைத்த பிளேடுத் துண்டால் மல்லர் தம் நெற்றியைத் தாமே இலேசாகக் கீறிக்கொண்டு இரத்தம் வழியச் செய்வதையே அச்சொல் குறிக்கும். முன்னேற்பாடான குருதி இரண்டிடத்திலும் பார்வையாளரை ஏமாற்றுவதற்காக அமைந்ததன்று. கதை அந்த இடத்தில் குருதியைக் கேட்கிறது, கலைஞர் தருகிறார்.

மல்யுத்தத் தொழிலில் ‘கேஃபேப்’ என்பது, எழுதிவைத்த பகையை மேடைக்கு வெளியிலும் உண்மைபோலவே காத்துவரும் தொழில் ஒழுக்கத்தின் பெயர். 1989இல், விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்தும் வரியிலிருந்தும் விடுபடும் பொருட்டு, தாம் நடத்துவது கேளிக்கையே என்று நியூ ஜெர்சி மாநிலச் சட்ட அவைக்கு நிறுவனமே எடுத்துரைத்தபோது அவ்வொழுக்கம் அதிகாரபூர்வமாகத் தளர்ந்தது. சண்டை மெய்யா பொய்யா என்று பார்வையாளர் கவலைப்படுவதே இல்லை என்று பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த் 1950களிலேயே எழுதியிருந்தார். துகிலுரியும் கட்டத்தில் ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றி, செய்யப்போகும் பாவத்துக்காக அம்மனிடம் பொறுத்தருள வேண்டும் வேடதாரிகளைக் கண்ட மக்களுக்கு அது ஒரு கண்டுபிடிப்பாகத் தோன்றியிராது.

இருப்பினும் ‘அது நிசமான சண்டையா?’ என்னும் கேள்வி இந்நகரத்தின் வீடுகளில் ஓயாமல் கேட்கப்பட்டது என்பதும், அதனைக் கேட்டவர்கள் பெரும்பாலும் அந்தச் சண்டையைப் பார்க்க விரும்பாதவர்கள் என்பதும் குறிப்பிடத்தக்கவை. ரிமோட் தம் கைக்கு வரும்வரை காத்திருந்த தாய், பத்திரிகை படித்தபடி ஓரக்கண்ணால் நோக்கிய தாத்தா, தேநீர்க் கடைக்கு வந்த ஓட்டுநர், பௌர்ணமிக் கிரிவலத்துக்கு வந்து 14 கிலோமீட்டர் நடந்த கால்களைத் தங்குவிடுதிக் கட்டிலில் நீட்டிக்கொண்டு அலைவரிசைகளைத் தள்ளிக்கொண்டிருந்த வெளியூர்க்காரர் ஆகிய இவர்கள் யாவரும் கேட்காமலே பார்வையாளரானவர்கள். நம்புகிற சிறுவனும் நம்பாத பெரியவரும் ஒரே அறையில் இருந்ததால்தான் அண்டர்டேக்கர் ஏழுமுறை இறந்து பிழைத்தவர் என்னும் வதந்தி உயிர் பெற்றது. 1994இல் பிரையன் லீ என்னும் வேறொரு மல்லரை அதே வேடத்தில் நிறுத்தி நிறுவனமே ‘இரண்டு அண்டர்டேக்கர்’ கதையை ஓட்டியதும், அதே பிரையன் லீ 1996இல் அக்‌ஷய்குமாரின் இந்திப் படமொன்றில் அவ்வேடத்தில் தோன்றியதும் அவ்வதந்திக்கு மேலும் உரமிட்டன. பெட்டிக்கடைகளில் விற்ற ‘டிரம்ப் கார்டு’ சீட்டுகளில் ஒவ்வொரு மல்லரின் தரவரிசை, உயரம், எடை, மார்பளவு, புஜத்தின் அளவு, மோதிய சண்டைகள், வென்ற சண்டைகள் ஆகியவை அச்சிடப்பட்டிருந்தன. ஆங்கிலச் செய்தித்தாளை எழுத்துக்கூட்டவும் தயங்கிய மாணவர்கள் அவ்வெண்களை நா தடுமாறாமல் ஒப்பித்தனர்.

கேட்காமல் வரும் இந்த நிலை முடிவுக்கு வந்தது 2025இல்தான் என்று கொள்வது பொருந்தாது. நெட்ஃபிளிக்ஸ் மேல் பழி போடுவோர் கேபிளின் பிற்கால வரலாற்றை மறந்துவிடுகின்றனர். 2003 செப்டம்பரில் சென்னையில் கட்டண அலைவரிசைகளுக்குத் தனிப்பெட்டி கட்டாயமானபோது, அந்த முறை எட்டாத சிறுநகரங்களில் பழைய கம்பி பழையபடியே ஓடியது. 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் ஓலைவீட்டிலும் பெட்டியை வைத்தது. 2011 செப்டம்பரில் புத்துயிர் பெற்ற அரசு கேபிள் நிறுவனம் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புத் தந்தது. பின்னர் வந்த செட்டாப் பாக்ஸும், 2019இல் நடைமுறைக்கு வந்த தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் புதிய கட்டண முறையுமே உண்மையான திருப்பம்: 100 இலவச அலைவரிசைகளுக்கு வரி நீங்கலாக 130 ரூபாய், கட்டண அலைவரிசை ஒவ்வொன்றுக்கும் தனிவிலை என்று ஆனவுடன், குடும்பத்தில் யாரேனும் ஒருவர் வாய்திறந்து ‘மல்யுத்தம் வேண்டும்’ என்று கேட்க வேண்டியதாயிற்று. தொடர் ஓடும் அலைவரிசைக்குப் பணம் தரத் தயங்காத வீடு இதற்குத் தயங்கியது. சோனி நிறுவனம் தமிழுக்கும் தெலுங்குக்கும் உரிய ‘டென் 4’ அலைவரிசையை 2021 ஜூனில் தொடங்கி மல்யுத்தத்தைத் தமிழில் தந்தது. ஆனால் ஆங்கிலம் புரியாமலே அதனை ரசித்த பெருங்கூட்டம் அதற்குள் கலையத் தொடங்கியிருந்தது.

நெட்ஃபிளிக்ஸுக்கு மாற்றம் நிகழ்ந்த விதத்திலும் ஒரு நாடகம் இருந்தது. ‘ஃபேஸ்’ எனப்படும் நல்லவன் வேடத்தைவிட்டு ‘ஹீல்’ எனப்படும் தீயவன் வேடத்துக்கு மாறுவது மல்யுத்தக் கதையின் தலையாய திருப்பம். இருபதாண்டுகளுக்கு மேல் நல்லவனாகவே நின்ற ஜான் சீனா, 2025 மார்ச் 1 அன்று டொராண்டோவில் சக மல்லர் கோடி ரோட்ஸைத் தாக்கி அவ்வாறு மாறியதை இந்தியப் பார்வையாளர் சோனியில் கண்டனர். அதே கதையின் விளைவாக ஏப்ரல் 20 அன்று லாஸ் வேகாஸில் அவர் ரோட்ஸை வென்று, முன்னாள் மல்லர் ரிக் ஃபிளேரின் 16 உலகப் பட்டங்களைத் தாண்டி 17ஆவது பட்டம் பெற்றதைக் காண நெட்ஃபிளிக்ஸ் கணக்கு தேவைப்பட்டது. துகிலுரிதலைக் கோயில் திடலிலும் படுகளத்தைச் சீட்டு வாங்கிய கொட்டகையிலும் நடத்திய ஜமா ஒன்று உண்டெனில், ஊர் அதனை இலேசில் விட்டிருக்காது.

புதிய ஏற்பாட்டின் நன்மைகளையும் மறுப்பதற்கில்லை. அமெரிக்காவின் திங்கள் இரவு இங்கே செவ்வாய் விடிகாலையாக இருப்பதால், நேரடி ஒளிபரப்பு என்பது பள்ளிக்கும் வேலைக்கும் கிளம்பும் அவசரத்தில் சிக்கிய ஒன்றாகவே இருந்தது. இப்போது அது மாலை வரை கைப்பேசியில் காத்திருக்கிறது, விளம்பரத்துக்காக முக்கியப் பிடி நடுவில் அறுபடுவதுமில்லை. ஒரே நேரத்தில் ஒரு கைப்பேசியிலோ டேப்லெட்டிலோ மட்டும் பார்க்கத் தரும் 149 ரூபாய்த் திட்டம், விரும்பிக் கேட்பவருக்குப் பெருஞ்சுமையன்று. விரும்பாதவருக்கோ அது இருப்பதே தெரிவதில்லை, ‘நிசமா?’ என்று கேட்க அறையில் இன்னொருவர் இல்லாதபோது, பதில் சொல்லித் தன் மல்லனுக்காக வாதாட வேண்டிய கட்டாயம் சிறுவனுக்கும் இல்லை.

ஆனால் நேரம் குறித்த காட்சிக்குத் திருவண்ணாமலை தரும் மதிப்பு தனி. கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு 2,668 அடி உயர மலையுச்சியில் தீபம் ஏறும் கணத்தைத் தொலைக்காட்சியில் எதிர்நோக்கியிருந்து, அது எரிந்த பிறகே வாசலில் அகல்விளக்கு ஏற்றும் வீடுகள் இந்நகரத்தில் மட்டுமன்றித் தமிழ்நாடெங்கும் உள்ளன; அக்காட்சியின் பதிவு மறுநாளும் யூடியூபில் கிடைக்கும் என்பதற்காக எவரும் விளக்கை மறுநாள் ஏற்றுவதில்லை.

கூத்தும் இன்று இணையத்துக்கு வந்துவிட்டது. கட்டட வேலைக்குப் பெங்களூருக்குச் சென்ற இவ்வட்டாரத்தார், தம் ஊர்த் திடலில் இரவு முழுதும் நடந்த ‘கர்ண மோட்ச’த்தின் பல மணிநேரப் பதிவை யூடியூபில் பார்க்க முடிகிறது. ஆயினும் அதனால் திடல் காலியாகவில்லை. ஊர் கூடி வரி வசூலித்து, ஜமாவுக்கு வெற்றிலைபாக்கு வைத்து முன்பணம் தந்து நடத்தும் நிகழ்ச்சிக்குப் பதிவு ஒரு நகல் மட்டுமே. மல்யுத்தத்தின் நிலை இதற்கு நேர்மாறானது: அதன் கூட்டம் டொராண்டோவிலும் லாஸ் வேகாஸிலும் இருக்க, திருவண்ணாமலையில் கூடிய சிறு கூட்டம் ஒளிபரப்பின் நிழலாகவே இருந்ததால், ஒளிபரப்பு இடம் மாறியபோது அதுவும் உடன் போயிற்று, அதனைத் தடுத்து நிறுத்தும் உரிமை கேபிள்காரருக்கும் இல்லை, சந்தாதாரருக்கும் இல்லை. நெட்ஃபிளிக்ஸ் ஒப்பந்தத்தில் ஐந்து ஆண்டுகளுக்குப் பின் விலகிக்கொள்ளும் உரிமை நெட்ஃபிளிக்ஸுக்கு மட்டுமே உண்டு.