தொட்டியடித் தேளும் நீச்சல்குளத்துத் தேளும்

சங்கரன்கோவிலுக்கு ஆடித்தபசு பார்க்க வந்தவர்கள் கவனித்திருப்பீர்கள். கோவில் பக்கத்துக் கடைகளில் பாம்பு, தேள் உருவங்களைத் தகட்டில் செய்து விற்பார்கள். வீட்டில் விஷஜந்து நடமாட்டம் இருந்தால் கோமதியம்மனை வேண்டிக்கொண்டு அதில் ஒன்றை வாங்கி உண்டியலில் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். கூடவே புற்றுமண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு, கொஞ்சம் வீட்டுக்கும் மடித்து எடுத்துப் போவார்கள். சங்கன், பத்மன் என்ற இரண்டு நாகர்கள் சிவன் பெரியவரா, விஷ்ணு பெரியவரா என்று சண்டை போட்ட கதை இந்தத் தலத்துக் கதை. அதனால் ஊர்ந்து போகிற ஜீவன்கள் எல்லாம் அம்மன் சொல்பேச்சு கேட்கும் என்று நம்பிக்கை.

என் அம்மா வருஷம் தவறாமல் ஒரு தேள் வாங்கிப் போடுவாள். 1963-க்குப் பிறகு இரண்டு போட ஆரம்பித்தாள்.

அப்போது நாங்கள் சங்கரன்கோவிலிலிருந்து நாலு மைல் தள்ளி ஒரு கிராமத்தில் இருந்தோம். ஓட்டு வீடு. புறவாசலில் ஒரு கல்தொட்டி, அதை ஒட்டி விறகு அடுக்கு, துவைகல். எனக்குப் பதினோரு வயது, தம்பிக்கு ஆறு. தொட்டித் தண்ணீரில் ஆட்டம் போட்டுக் குளிப்பதுதான் எங்களுக்கு அன்றாடத் திருவிழா. அன்றைக்குச் சாயங்காலம் குளித்து முடித்ததும் நான்தான் சொன்னேன், "ஏலே, விறகு மேல துண்டு கெடக்கு, எடுத்துட்டு வால" என்று. தம்பி ஓடிப்போய்த் துண்டை எடுத்தான். அதில் இருந்தது.

சின்னத் தேள். செம்பழுப்பு நிறம், விரல் நீளம்கூட இல்லை. அதைப் பார்த்ததும் பெரியவர்களுக்கு நிம்மதியாகிவிட்டது. "கருந்தேள் இல்ல, செந்தேளுதான், கடுப்பு விடிஞ்சா போயிரும்" என்றார்கள். கையகலம் இருக்கிற கருந்தேளைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் பயம். உண்மை நேர் எதிர் என்பது எனக்கு முப்பது வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. நம் ஊரில் ஆளைக் கொல்லக்கூடியது அந்தச் சின்னச் செந்தேள்தான். கருந்தேள் கொட்டினால் வலி, வீக்கம், பெரும்பாலும் அத்தோடு சரி.

புளியைக் கரைத்துப் பற்றுப் போட்டார்கள். கயிறு கட்டினார்கள். பக்கத்துத் தெருத் தாத்தா வேப்பிலையோடு வந்து மந்திரித்தார். தம்பி முதலில் அலறினான். அப்புறம் வாந்தி எடுத்தான். உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது; ஆனால் கையும் காலும் ஐஸ் மாதிரி. நடுராத்திரிக்கு மேல் மூச்சு வாங்க ஆரம்பித்ததும்தான் அப்பா வண்டி பூட்டினார். வாயில் நுரை தள்ளியது. மாட்டுவண்டி ஊரைத் தொட்டு ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போது கிழக்கு வெளுத்துவிட்டது. உள்ளே கொண்டுபோக அவசியம் இருக்கவில்லை.

அதற்கடுத்த ஆடியில் அம்மா இரண்டு தேள் வாங்கினாள். "இருக்கிற ரெண்டுக்கும் ஆளுக்கு ஒண்ணு" என்றாள். எனக்கும் என் அக்காவுக்கும். துண்டை எடுத்து வரச் சொன்னது நான்தான் என்று நான் அவளிடம் சொல்லவேயில்லை.

பிறகு தபால் துறையில் வேலை. 1994-ல் கோவில்பட்டிப் பக்கம் இருந்தபோது உடன் வேலை பார்த்த ஒருவரின் பெண்ணைத் தேள் கொட்டிவிட்டது. ஏழு வயதிருக்கும். அதே வாந்தி, அதே வேர்வை, அதே சில்லிட்ட கைகால். எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. கயிறும் வேண்டாம், பற்றும் வேண்டாம் என்று சத்தம் போட்டு, கிடைத்த காரில் ஏற்றிக்கொண்டு போனோம். அங்கிருந்த இளம் டாக்டர் குழந்தையைப் பார்த்துவிட்டு, கொடுத்தது ஒரு மாத்திரை. மூன்று மணி நேரம் கழித்து மறுபடி. மறுநாள் காலை அந்தப் பெண் இட்லி கேட்டாள்.

"அது என்ன மாத்திரை சார்?" என்று டாக்டரிடம் கேட்டேன். "பிரஷருக்குக் கொடுக்கிறதுதான், பிரசோசின்" என்றார். பிறகு உட்கார வைத்து விளக்கினார். செந்தேள் விஷம் நரம்புகளைத் தூண்டிவிடும். உடம்பில் அட்ரினலின் வகைச் சுரப்புகள் வெள்ளமாகப் பாயும். ரத்தக்குழாய்கள் சுருங்கும், அதனால்தான் கைகால் சில்லிடுகிறது. இதயம் திணறும். நுரையீரலில் நீர் கோக்கும். அதுதான் வாயில் வந்த நுரை. பிரசோசின் அந்தச் சுருங்கிய குழாய்களைத் திறந்துவிடுகிறது.

இதைக் கண்டுபிடித்தவர் பெரிய நகரத்து ஆராய்ச்சியாளர் இல்லை. ஹிம்மத்ராவ் பவாஸ்கர் என்ற கிராமத்து டாக்டர். 1976-ல் மகாராஷ்டிராவில் மகாடுக்குப் பக்கத்தில் பிர்வாடி என்ற ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். தேள் கொட்டி வருகிறவர்கள் கண்ணெதிரே செத்துப்போவதைப் பார்த்துச் சும்மா இருக்க முடியாமல், ராத்திரி பகலாகப் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்திருக்கிறார். அவரும் அவர் மனைவி டாக்டர் பிரமோதினியும் எண்பதுகளில் லான்செட் பத்திரிகையில் எழுதினார்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில், அது நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கியது. 2022-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1963-ல் அந்த மாத்திரையே கிடையாது. அப்பா முதலிலேயே வண்டி பூட்டியிருந்தாலும் ஆஸ்பத்திரியில் என்ன செய்திருப்பார்களோ. யாரையும் குறை சொல்ல முடியாது என்பது ஒருவிதத்தில் ஆறுதல். ஆனால் துண்டு விஷயத்துக்கு அந்த ஆறுதல் பொருந்தவில்லை.

2016-ல் மகன் வீட்டுக்குப் போனேன். அரிசோனாவில் ஃபீனிக்ஸ் பக்கம் சாண்ட்லர். சுத்தப் பாலைவனம். ஜூன் மாதம் நம் அக்னி நட்சத்திரமெல்லாம் சும்மா என்கிற மாதிரி வெயில். அதனால் அங்கே வீட்டுக் கொல்லையில் நீச்சல்குளம் கட்டிக்கொள்கிறார்கள். போன மூன்றாவது நாள் காலையில், குளத்து ஓரத்தில் குப்பை சேர்கிற கூடையை மகன் வெளியே எடுத்தான். இலை தழைகளுக்கு நடுவே வைக்கோல் நிறத்தில் ஒரு தேள். செத்துக் கிடக்கிறது என்று நினைத்தேன். ஒரு நிமிஷத்தில் வாலைத் தூக்கியது.

அன்றிலிருந்து நான் பேரனைத் தண்ணீரில் இறங்கவிடவில்லை. அவனுக்கு ஆறு வயது.

அவன் அழுதான். மகன் சமாதானம் சொன்னான், "இங்க தேள் கொட்டிச் சாகிறதெல்லாம் ரொம்ப அபூர்வம்ப்பா. எதிர்மருந்து இருக்கு" என்றான். அதுவும் உண்மைதான். அந்த ஊர்த் தேளுக்கு மெக்சிகோவில் குதிரை ரத்தத்திலிருந்து தயாரிக்கிற மருந்தை 2011-ல் அமெரிக்க அரசு அனுமதித்திருந்தது. அதே 2011-ல்தான் நம் பவாஸ்கர் தம்பதி, பிரசோசினோடு நம் செந்தேளுக்கான எதிர்மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் சீக்கிரம் குணமாகிறது என்று எழுதினார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் நாற்காலியைப் போட்டுக் குளத்துக்குக் காவல் உட்கார்ந்தேன்.

பத்து நாள் பொறுத்துப் பார்த்த மருமகள் ஒருநாள் மெதுவாகச் சொன்னாள். "மாமா, நீங்க பயப்படுறதப் பாத்து அவன் இப்ப பாத்ரூமுக்குத் தனியாப் போகவே பயப்படுறான்."

எனக்குச் சுருக்கென்றது. பயத்தைப் பிள்ளைக்குச் சொத்தாக எழுதி வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று புரிந்தது.

மகன் ஒரு புற ஊதா டார்ச் வாங்கி வந்தான். தேளின் மேல் அந்த வெளிச்சம் பட்டால் பச்சையாக ஒளிரும். ராத்திரி ஒன்பது மணிக்கு நாங்கள் மூன்று பேரும் ஷூ போட்டுக்கொண்டு கொல்லையில் இறங்கினோம். மதில் சுவரில் ஒன்று, குளத்து மோட்டார்ப் பெட்டிக்குப் பின்னால் ஒன்று, காய்ந்த பனை ஓலையடியில் ஒன்று. "தாத்தா, பச்சை! பச்சை!" என்று பேரன் குதித்தான். நீளமான இடுக்கியால் பிடித்து மூடி போட்ட டப்பாவில் போட்டான் மகன்.

தேள் குளத்துக்கு ஏன் வருகிறது என்பதும் அப்போது புரிந்தது. குளத்தைச் சுற்றி எரிகிற விளக்குக்குப் பூச்சிகள் வருகின்றன, பூச்சிக்காகத் தேள் வருகிறது. தவறி விழுந்தால் உடனே சாகாது, மணிக்கணக்கில் தாக்குப் பிடிக்கும். மருந்தடித்தால் லேசில் சாவதில்லை. அதன் தீனியான பூச்சியைக் குறைப்பதுதான் வழி. விளக்கை மாற்றினோம். மதில் விரிசல்களையும் கதவடி இடைவெளியையும் அடைத்தோம். ஓலையையும் விறகையும் அப்புறப்படுத்தினோம். துண்டுகளைத் தரையில் போடாமல் கொடியில் போட்டோம்.

துண்டைக் கொடியில் போடும்போது பேரன் ஏன் என்று கேட்டான். அவனிடம் சொன்னேன், எனக்கு ஒரு தம்பி இருந்தான், உன் வயதுதான் என்று. துண்டை எடுத்து வரச் சொன்னது நான்தான் என்றும் சொன்னேன். ஐம்பத்து மூன்று வருஷமாக ஒருத்தரிடமும் சொல்லாததை ஓர் ஆறு வயதுப் பையனிடம் சொன்னேன். பின்னால் மகன் நின்றுகொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை.

பேரன் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டான்: "உங்ககிட்ட அப்போ பச்சை டார்ச் இல்லையா தாத்தா?"

"இல்லைப்பா."

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்காதே."

மறுநாள் கூடையைப் பார்த்து, துண்டை உதறி, செருப்பைத் தட்டிக் காட்டிவிட்டு அவன் தண்ணீரில் குதித்தான். நானும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்து காலை நனைத்தேன்.

இப்போது சங்கரன்கோவில் வீட்டிலும் புறவாசல் ஆணியில் அந்த மாதிரி ஒரு டார்ச் தொங்குகிறது. தொட்டியடியில் இதுவரை நாலு பிடித்திருக்கிறேன். தேள் கொட்டினால், அதுவும் குழந்தையாக இருந்தால், கயிறு, கத்தி, மந்திரம் என்று ஒரு நிமிஷமும் போக்காதீர்கள். வாந்தி, வேர்வை, கைகால் சில்லிடுவது இதில் எதுவும் தெரிகிறதா என்று காத்திருக்கவும் வேண்டாம். நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஆடித்தபசுக்கு அம்மா மாதிரியே தேள் உருவமும் வாங்கிப் போடுகிறேன். போன வருஷம் மூன்று போட்டேன். இரண்டு பேரப்பிள்ளைகளுக்கு. ஒன்று தம்பிக்கு.