மணப்பாட்டில் ஒரு மணி நேர வானம்

திருச்செந்தூரிலிருந்து கடலோரமாகத் தெற்கே சென்றால் மணப்பாடு வருகிறது. கடலுக்குள் நீண்டு நிற்கும் குன்றின் உச்சியில் திருச்சிலுவை ஆலயம். சரிவில், 1542-ஆம் ஆண்டு இக்கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கிச் செபித்ததாகப் போற்றப்படும் குகை.

என் அன்னை பிறந்த ஊர் அது. முதுமையால் பயணம் செய்ய இயலாத அவர்கள், "குன்றின்மேல் நின்று பார்த்த வானத்தை இன்னொரு முறை பார்க்கவேண்டும்" என்று ஏங்கினார்கள். ஆகவே அமாவாசை இரவொன்றில், டிஜிட்டல் காமிராவும் முக்காலியுமாக அங்கே ஏறினேன். உள்ளூர் மீனவர் ஒருவர் துணைக்கு வந்தார்.

கலங்கரை விளக்கத்தின் ஒளி நேரே விழாத இடம் தேடி, வடக்கு நோக்கிக் காமிராவை நிறுத்தினேன். பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால், ஒரு மணி நேரம் காமிராவின் திரை திறந்திருந்தால் விண்மீன்கள் வளைகோடுகளாகப் பதியும். வடமீன் மட்டும் ஏறக்குறைய புள்ளியாகவே நிற்கும். மணப்பாடு நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 8 பாகையளவே இருப்பதால், அங்கே வடமீனும் அடிவானத்திற்கு மேல் ஏறத்தாழ அவ்வளவே உயர்ந்திருக்கும். கையை நீட்டி முட்டியை அடிவானத்தில் வைத்தால் மறைந்துவிடும்.

பெரும்பாலான காமிராக்கள் தாமாக 30 விநாடி வரையே திறந்திருக்கும். அதற்கு மேல் 'பல்ப்' என்னும் நிலை வேண்டும். முற்காலத்தில் ரப்பர்க் குமிழை அமுக்கித் திரையைத் திறந்துவைத்ததால் வந்த பெயர் அது.

ஒரு மணி நேரம் கழிந்தது. திரையை மூடினேன், படம் தோன்றவில்லை. காமிரா பழுதாயிற்றென்று பதறி மின்கலத்தைக் கழற்றினேன். படமே அழிந்தது! பிறகுதான் நினைவு வந்தது: நீண்ட நேரம் திறந்திருக்கும் காமிராவில், வெப்பத்தால் பொய்யான வண்ணப் புள்ளிகள் தோன்றும். அவற்றைக் கண்டறிய, காமிரா திரையை மூடிக்கொண்டு அதே அளவு நேரம் வெறும் இருளைப் படமெடுத்து, அதிற் கண்ட புள்ளிகளை முதற்படத்திலிருந்து கழிக்கிறது. ஆகவே ஒரு மணி நேரப் படத்திற்கு இரண்டு மணி நேரம் வேண்டும்.

மீனவர் சிரித்தார். "வலையைப் போட்டவுடனே இழுத்தா என்ன அண்ணாச்சி கிடைக்கும்?"

புது மின்கலத்தைப் பொருத்தி மீண்டும் தொடங்கினேன். குளிர்காற்றில் இரண்டு மணி நேரம் அமர்ந்திருந்தோம். மீனவர் இருளில் காமிராவின் முன்னே இருமுறை நடந்தும் படத்தில் அவர் இல்லை. அலைகள் வெண்பனியாய்ப் படிந்திருந்தன. விண்மீன்கள் வளைகோடுகளாய் ஒளிர்ந்தன.

வீட்டில் அன்னை படத்தை நெடுநேரம் நோக்கினார்கள். பின்னர் அடிவானத்தருகே இருந்த சிறு புள்ளியில் விரலை வைத்தார்கள்.

"எல்லாம் ஓடியிருக்கிறது, இது மட்டும் நிற்கிறது. இதைப் பார்த்துத்தானே உன் தாத்தா கரை திரும்புவார்!"

இருளுக்குக் கொடுத்த அந்த இரண்டாம் மணி நேரம் இல்லாதிருந்தால், பொய்ப் புள்ளிகளுக்கிடையே அம்மெய்ப்புள்ளியை அவர்கள் எவ்வாறு அடையாளம் கண்டிருப்பார்கள்?