எந்த வட்டம், ஸார்?

வீட்டு வரி ரசீதை என்றைக்காவது முழுசாகப் படித்திருக்கிறீர்களா? பெரும்பாலோர் கடைசியில் இருக்கும் கூட்டுத் தொகையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதோடு சரி. நடுவே 'நூலக வரி' என்று ஒன்று இருக்கும். வரிக்குள் ஒரு வரி! சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா வீதம் நாம் எல்லோருமே நூலகத்துக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். 1948-ல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம் போட்ட பிள்ளையார் சுழி இது. சுதந்திர இந்தியாவில் இப்படியொரு சட்டம் முதலில் வந்தது நம்மிடம்தான். அதற்காகப் பல வருஷம் மன்றாடியவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன்.

ஆக, நூலகத்தில் காலடியே வைக்காத ஆசாமியும் அதில் ஒரு பங்குதாரர். ஆனால் பங்குதாரர் கூட்டத்துக்கு மட்டும் யாரும் வருவதில்லை. அந்தக் கூட்டத்துக்குத்தான் 'வாசகர் வட்டம்' என்று பெயர்.

எங்கள் ரெட்டிபாளையம் பக்கம் 'வட்டம்' என்றால் தாலுகா ஆபீஸ் ஞாபகம்தான் வரும். நூலக விழாவுக்கு நன்கொடை கேட்டுப் போனபோது ஒரு லாரி முதலாளி ரொம்ப மரியாதையாக உட்கார வைத்து, டீ வரவழைத்து, பிறகு கேட்டார்:

"அரியலூர் வட்டம் தெரியும்ங்க, செந்துறை வட்டம் தெரியும், உடையார்பாளையம் தெரியும். வாசகர் வட்டம் எந்தப் பக்கம்? தாசில்தாரு யாரு?"

விளக்கிச் சொன்னதும் சிரித்துவிட்டு நூறு ரூபாய் கொடுத்தார். கூடவே, "நானும் வரலாமா? நான் எட்டாவதுதான்" என்றார். வட்டத்தில் சேர மார்க் ஷீட் தேவையில்லை என்பதே அதன் பெரிய சிறப்பு.

அரசாங்க நூலகங்களில் வாசகர் வட்டம் என்று ஒன்று உண்டு. தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் என்று சகல அங்கங்களும் இருக்கும். உயிர் இருக்கிறதா என்பது ஊருக்கு ஊர் மாறும். சில வட்டங்கள் நவம்பர் 14 முதல் 20 வரை, தேசிய நூலக வாரத்தில் மட்டும் கண் விழித்து, ஒரு கோலப் போட்டி, ஒரு பேச்சுப் போட்டி, ஒரு சால்வை என்று முடித்துக்கொண்டு மறுபடி படுத்துவிடும். கும்பகர்ணனே தோற்றான்!

நான் போகும் நூலகம் எது என்று சொல்லமாட்டேன். எழுதினால் நூலகரை யாராவது ஏதாவது கேட்கப் போகிறார்கள். பாவம், நல்ல மனிதர். அங்கே முன்பெல்லாம் வந்தவர்கள் இரண்டு வகை. பேப்பர் படிக்க வருகிறவர்கள், ஃபேனுக்காக வருகிறவர்கள். புத்தக அலமாரிகள் கல்யாண வீட்டில் சித்தப்பா மாதிரி ஓரமாக நின்றுகொண்டிருந்தன.

மாற்றியது ஒரு கல். ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர் வட்டத்தின் கூட்டத்துக்குத் துணிப்பையில் ஒரு கல்லைக் கொண்டுவந்தார். நத்தை மாதிரி சுருண்டிருந்தது. "இது அம்மோனைட். பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னால இங்கே கடல் இருந்துச்சு. அதுல நீந்தினது இது. அந்தக் கடலடியில படிஞ்ச சுண்ணாம்பைத்தான் இப்ப நாம சிமென்ட்டாக்கி மூட்டை போடுறோம்" என்றார். தினமும் சிமென்ட் லாரியின் புழுதியைத் தின்று வளரும் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். தாங்கள் தின்றது கடல் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது! அடுத்த வாரம் நாலு பையன்கள் வந்து, "ஸார், கல்லு புக் இருக்கா?" என்று கேட்டார்கள். வருஷக்கணக்காகத் தூங்கிய புவியியல் புத்தகம் தூசி தட்டி வெளியே வந்தது. அரியலூர் அருகே வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்துக்கும் போய் வந்தார்கள்.

புத்தகம் வாங்குவதும் அடுக்குவதும் அரசாங்கத்தின் வேலை. அதைத் திறக்கவைப்பது ஊரின் வேலை. பழைய கதைகளைப் பார்த்தாலும் இதுதான். 1931-ல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளையின் முயற்சியில் மாட்டு வண்டி புத்தகம் சுமந்து கிராமம் கிராமமாகப் போனது. சட்டம் வந்ததோ பதினேழு வருஷம் கழித்து. யாழ்ப்பாணத்தில் 1933-ல் க.மு.செல்லப்பா தன் வீட்டிலேயே நூலகம் ஆரம்பித்தார். ஊர்க்காரர்கள் கூடிக் குழு அமைத்தார்கள். பின்னால் கார்னிவல் நடத்திக்கூடப் பணம் திரட்டினார்கள். 1959-ல் பெரிய கட்டடம் திறந்தது. 1981-ல் அதை எரித்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. நம் தமிழகத்தில் 2006-லிருந்து அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்கள். பன்னிரண்டாயிரத்துக்கும் மேல்! பிறகு பல ஊர்களில் பூட்டுத்தான் அதிகம் படித்தது. கட்டடம் மேலிருந்து வரும். மனுஷன் பக்கத்துத் தெருவிலிருந்துதான் வரணும்.

எங்கள் வட்டத்திலும் சண்டை உண்டு. குரூப் ஃபோர் தேர்வுக்குப் படிக்கும் பையன்கள் ஒருநாள் எழுந்து நின்றார்கள். "நீங்க கவிதை படிச்சுக் கைதட்டுறீங்க. எங்களுக்கு இது வேலை, ஸார். வீட்ல ஒரே ரூம். படிக்க வேற எடம் இல்லை" என்றார்கள். நியாயம்தானே? வட்டம் கூடினால் சத்தம். கூடாவிட்டால் நூலகமே வெறும் பரீட்சைக் கூடம். இரண்டு கூட்டம் விவாதித்து, மாலைக் கூட்டத்தை ஞாயிறு காலைக்கு, அதுவும் வெளியே வேப்பமரத்தடிக்கு மாற்றினோம். மழை வந்தால் கூட்டம் கலைந்தது என்று மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிவிடுவோம்.

இந்த மாற்றத்தில் நாங்கள் நினைத்தே பார்க்காத ஒன்று நடந்தது. பெண் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். சாயந்திரம் ஆறு மணிக்குமேல் அவர்களை யார் அனுப்புவார்கள்? ஞாயிறு காலை என்றதும் ஏழெட்டுப் பேர். ப்ளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஒரு பெண், தானே எழுதிய கதையைப் படித்தாள். லாரி ஓட்டும் அப்பா முதல் வாரம் ரோட்டோரம் பைக்கிலேயே உட்கார்ந்திருந்தார். இரண்டாம் வாரம் மரத்தின் அந்தப் பக்கம். மூன்றாம் வாரம் பெஞ்சில். கதையில் வரும் டிரைவர் ராத்திரி எங்கே சாப்பிடுவான் என்று அவள் தப்பாக எழுதியிருந்ததை அவர்தான் திருத்தினார். "இவ கோயிலுக்கும் இங்கயும்தாங்க வர்றா. இத மட்டும் நிறுத்திடாதீங்க" என்று என்னிடம் சொன்னபோது, ஒரு வட்டம் கலைந்தால் என்னென்ன கலையும் என்று புரிந்தது.

கலையக்கூடிய அபாயமும் இருக்கிறது. உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு வயது அறுபத்தைந்துக்கு மேல். மூட்டுவலி பற்றிய உரையாடலே முதல் அரை மணி நேரத்தை விழுங்குகிறது. அதனால் இப்போது மினிட்ஸ் புத்தகம் அந்தப் பெண்ணின் கையில். அழகான கையெழுத்து. மூட்டுவலியை அவள் குறிப்பில் சேர்ப்பதில்லை.

உங்கள் ஊர் நூலகத்திலும் ஒரு வட்டம் இருக்கும். விசாரித்துப் பாருங்கள். வசதியிருந்தால் ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலர் ஆகலாம். பலகையில் பெயர் எழுதுவார்கள். வசதி இல்லாவிட்டால் கூட்டத்தில் வந்து உட்காருங்கள், அதற்குத்தான் தட்டுப்பாடு. ஒரே ஒரு எச்சரிக்கை: இதைப் படித்த உற்சாகத்தில் வெள்ளிக்கிழமை கிளம்பிவிடாதீர்கள். நூலகத்துக்கு அன்று லீவு!